மூன்றாவது அம்பு

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. தேநீர் இடைவேளை முடிந்து எல்லோரும் அவரவர் மேசைக்குத் திரும்பியிருந்தார்கள். திருப்பூர் அருள்புரத்தில் நதியா வேலை பார்த்த பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதனால் அவளுடைய போன் பதினான்கு முறை அடித்து ஓய்ந்தது அவளுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் மருதாள் வந்து, அவள் கையில் இருந்த பனியனை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“வெளிய வா கண்ணு. உங்க ஊட்டுக்காரருக்கு மேலுக்குச் சுகமில்லையாமா. அவுங்க ஓனரு லைன்ல இருக்காரு.”

“இந்த ஒரு கட்டு முடிச்சிட்டு வந்திர்றேன்க்கா. பத்துப் பீஸுதான்.”

மருதாள் நதியாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாதாரணமாக யாரையும் தொட்டுப் பேசுகிறவள் இல்லை மருதாள். அந்தப் பிடியிலேயே நதியாவுக்குத் தெரிந்துவிட்டது.

ராஜ்கமல் இறந்தது பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. நெருப்பெரிச்சலில் உள்ள நிட்டிங் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தண்ணீர் கேட்டிருக்கிறான். தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டான். முதலாளியின் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பாதி வழியில் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் போன பிறகும் ஒன்றரை மணி நேரம் தான் உட்கார்ந்து பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரி, சரி என்று அடுக்கியிருக்கிறோம் என்பதை நதியாவால் வெகு நாட்கள் வரைக்கும் ஏற்க முடியவில்லை.

அவள் இடது முன்கையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. செக்கிங் வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் ஒட்டிக்கொள்வார்கள். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால், அம்பின் நுனி குறையைக் காட்டும்படி ஒரு ஸ்டிக்கரை எடுத்து ஒட்ட வேண்டும். அந்தத் துணி சரிசெய்கிறவரிடம் போகும். சரிசெய்தவர்தான் அம்பை உரிக்க வேண்டும். ஒட்டியவள் உரிக்கக் கூடாது. ஒட்டியவளே உரித்தால் குறை அப்படியே கப்பல் ஏறிவிடும் என்று முதல் நாளே சொல்லித்தான் வேலைக்கு வைப்பார்கள். அன்று மாலை வீட்டில், வந்திருந்த பெண்களில் யாரோ ஒருத்தி, அது என்னவென்று கேட்காமலேயே அவள் கையிலிருந்த அம்புகளைப் பிய்த்துப் போட்டாள்.

ராஜ்கமலுக்கு நாற்பத்தொரு வயது. அப்பா சோணைமுத்து மானாமதுரைப் பக்கத்திலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு வந்தவர். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் வளர்ந்தான் ராஜ்கமல். பகல் முழுக்கப் பித்தளை தட்டுகிற சத்தத்துக்கு நடுவே படித்ததாலோ என்னவோ, யாரும் பேசும்போது அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் கடைசி வரை போகவில்லை. டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்துவிட்டுச் செங்கோட்டையனின் நிட்டிங் கம்பெனியில் சேர்ந்தவன், பதினேழு வருடமும் அங்கேயே இருந்தான். வேறு கம்பெனியில் கூப்பிட்டபோதும் போகவில்லை. காரணம் கேட்டால், “இந்த மெஷின் சத்தம் பழகிருச்சு” என்பான்.

அவனுடைய வேலை டிசைன் போடுவது. கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான சிறு சதுரங்கள் இருக்கும். ஒவ்வொரு சதுரமும் மெஷினில் இருக்கிற ஓர் ஊசிக்குக் கட்டளை. நூலை எடு, அல்லது விடு. அவ்வளவுதான். அந்தச் சதுரங்களைப் பார்த்தால் பூவோ கொடியோ தெரியாது. துணி இறங்கின பிறகுதான் பூ தெரியும். ராஜ்கமலுக்கு மட்டும் சதுரங்களிலேயே தெரியும் என்று மெஷின்காரர்கள் சொல்வார்கள். அவன் அதை ஒத்துக்கொண்டதில்லை. மற்றபடி அவனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சட்டையைத் தானே இஸ்திரி போடுவான். வடநாட்டுப் பையன்களிடம் இந்தி பேசும்போது மெஷினை ஆணாகவும் முதலாளியைப் பெண்ணாகவும் ஆக்கிவிடுவான். அவர்கள் சிரித்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால், துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பழுப்பேறிய தாள். ஆறு கோடுகள். கோடுகளின்மேல் அங்கங்கே ஏ, பி, சி, டி என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகள், பழைய கையெழுத்தில். பட்டை போட்ட துணிக்கு நிட்டிங் கம்பெனிக்காரர்கள் நூல் நிறங்களை இப்படித்தான் எழுதுவார்கள். ஏ என்றால் வெள்ளை, பி என்றால் கறுப்பு. ராஜ்கமல் யோசிக்கவே இல்லை. ஆறு கோட்டையும் ஆறு நூலாக எடுத்துக்கொண்டு, எழுத்துக்கு ஒரு நிறம் வைத்து, ஒரே பகலில் அரை மீட்டர் சாம்பிள் இறக்கிவிட்டான்.

செங்கோட்டையன் அந்தத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“என்ன ராஜ்கமலு இது? பாய்க்கடையில கழிச்சுப் போட்ட கோரப்பாயாட்ட இருக்குது.”

“பையர் அனுப்புன சார்ட்டுங்க. அதுல இருக்கறபடிதான் போட்டேன்.”

“அது சார்ட்டே இல்லியாமா கண்ணு. அந்தக் காலத்துப் பாட்டாமா. டீசர்ட் நெஞ்சுல பிரிண்ட் அடிக்கறதுக்கு அனுப்புனாங்களாமா. ஆர்டரப் பாக்கற மெர்ச்சண்டைசர் பொண்ணு போன்லயே சிரிக்குது. நீ பாட்டப் போயி நிட்டிங் பண்ணிப்போட்டயே சாமி.”

ஒரு மாதம் வரைக்கும் கம்பெனியில் இதுதான் பேச்சு. “அண்ணே, இந்தத் துணி என்ன ராகம்?” என்று கேட்காத ஆள் இல்லை. ராஜ்கமல் கோபித்துக்கொள்ளவில்லை. துணியை மடித்து வீட்டுக்கு எடுத்துவந்தான். படத்தையும் செல்போனில் ஏற்றிக்கொண்டு வந்தான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை முழுக்க இணையத்தில் தேடினான்.

லூட் என்றொரு வாத்தியம். பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தாற்போல வயிறு, மேலே நரம்புகள், விரலால் மீட்ட வேண்டும். நானூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் வாசித்திருக்கிறார்கள். அதற்கு எழுதின குறிப்பில் சுரம் இருக்காது. ஆறு கோடும் ஆறு நரம்பு. ஏ என்றால் நரம்பை வெறுமனே மீட்டு. பி என்றால் முதல் கட்டையில், அதாவது வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே வரும் முதல் தடுப்பில், விரலை வை. சி என்றால் இரண்டாம் கட்டை. எவ்வளவு நேரம் என்பதைக் கோடுகளுக்கு மேலே சின்னச் சின்னக் கொடிகள் சொல்லும். பாட்டு எப்படி இருக்கும் என்று தாளைப் பார்த்தால் தெரியாது. விரல் எங்கே போக வேண்டும் என்பதுதான் தெரியும்.

“நம்ம வேலைதான் நதியா” என்றான் அன்று. “ஊசிக்குப் பதிலா வெரலு. அவ்வளவுதான்.”

உலகத்தில் பல நூலகங்கள் இப்படிப்பட்ட கையெழுத்துத் தாள்களைப் படம் பிடித்து வைத்திருக்கின்றன. வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கிறுக்கல் புரிவதில்லை. யாராவது உட்கார்ந்து, இசைக்குறிப்பு எழுதுகிற மென்பொருளில் ஒவ்வோர் எழுத்தாக ஏற்ற வேண்டும். முதலில் ஆறு நரம்புக்கும் என்ன சுருதி என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். பிறகு கோட்டின்மேல் எழுத்தை வைக்க வேண்டும், கொடியை வைக்க வேண்டும். வைத்து முடித்தால் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும். கீழே சாதாரண இசைக்குறிப்பாகவும் மாற்றிக் கொடுக்கும். அந்த வேலையை விருப்பத்துக்காகச் செய்கிற கூட்டம் ஒன்று இருந்தது. ஹாலந்தில் இருந்த மார்கிரீட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை அதை நடத்தினாள். ராஜ்கமல் இரண்டு வருடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்து கொடுத்தான். அதன்பிறகு அவள் ஒரு முழு ஏட்டையே அவனிடம் ஒப்படைத்தாள். எழுதினவர் பெயர் தெரியாத ஏடு. மொத்தம் ஐம்பத்தெட்டுப் பாட்டு.

லூட் என்ற வாத்தியத்தை ராஜ்கமல் நேரில் பார்த்ததே இல்லை. பழைய கிடார் ஒன்றை வாங்கி, மூன்றாவது கம்பியை அரைச் சுருதி இறக்கி, மூன்றாம் கட்டையின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்து இறுகக் கட்டினான். கட்டியது ஜட்டி இடுப்புக்கு வைக்கிற எலாஸ்டிக்கால். அப்படிச் செய்தால் கிடாரில் லூட்டின் சுருதி வந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தான். வாசிக்கத் தெரியாது. விரல் தடுமாறும். ஆனாலும் ஒவ்வொரு பாட்டையும் ஒரு முறையாவது அந்தக் கிடாரில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவான்.

நதியா இதற்குள் வந்தது தற்செயலாக. முதல் பாட்டை ஏற்றி அச்செடுத்து வைத்துவிட்டு அவன் குளிக்கப் போயிருந்தான். காலை ஆறு மணி. தண்ணீர் விடுகிற முறைநாள், குடம் நிறையும் வரை அவளுக்கு வேலை இல்லை. ஒரு கையில் பழைய தாளின் படம், ஒரு கையில் அச்செடுத்த தாள். சாம்பிளும் பீஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவள் கண் சும்மா இருக்காது. அவன் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது தாள் முழுக்கச் சிவப்பு அம்புகள். அறுபத்து மூன்று.

“அடியே, என்ன பண்ணி வச்சிருக்க?”

“அதுல ஆர்னு இருக்கு. நீங்க எல்லா எடத்துலயும் சி போட்டு வச்சிருக்கீங்க. கண்ணாடி மாத்துங்க மொதல்ல.”

“அது ஆர் இல்ல. அந்தக் காலத்துல சி-ய அப்படித்தான் எழுதுவாங்க. ஆர்னு ஒரு கட்டையே அந்த வாத்தியத்துல கெடையாது.”

“சரி. அப்ப இந்த மூணு எடத்துல?”

அவன் குனிந்து பார்த்தான். அந்த மூன்றும் உண்மையாகவே அவன் பிழை. கோடு மாறி வைத்திருந்தான்.

“உனக்குப் பாட்டு தெரியாதே, எப்படிக் கண்டுபிடிச்ச?”

“பாட்டு எதுக்கு? சாம்பிளும் பீஸும் ஒண்ணா இருக்கணும். இல்லாட்டி அம்பு.”

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கம்பெனிச் சட்டம் வீட்டுக்கும் வந்தது. அவள் அம்பு ஒட்டுவாள். அவன் பார்ப்பான். பிழை அவனுடையது என்றால் திருத்திவிட்டு அம்பை உரித்துக் குப்பைக்கூடையில் போடுவான். எழுதினவர் பிழை என்றாலோ, அவள் புரிந்துகொள்ளாதது என்றாலோ, ஏன் என்று அவளுக்குச் சொல்லுவான். சொன்ன பிறகுதான் உரிப்பான். உரித்ததை அந்த அரை மீட்டர்த் துணியில் ஒட்டிவைப்பான். அந்தத் துணியைக் கம்ப்யூட்டருக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். முதல் நாள் அறுபதையும் கணக்கில் சேர்க்கவில்லை. அதன்பிறகு துணியில் ஏறியவை பதினேழு. மூன்று வருடத்தில் பதினேழு முறைதான் அவன் ஜெயித்திருக்கிறான் என்று நதியா சொல்லிக்காட்டுவாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்த வருடங்களும் உண்டு, அதைப் பேசாமல் விட்ட வருடங்களும் உண்டு. காலையில் அந்த ஒரு மணி நேரம், ஒரு தாளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சண்டை போடுவதுதான் அவர்கள் வீட்டில் கேட்ட அதிகபட்சச் சத்தம்.

ஐம்பத்தெட்டாவது பாட்டை அவன் ஏற்றி முடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை, குக்கர் விசில் வருவதற்குள் நதியா அதைப் பார்த்து முடித்தாள். மூன்று அம்பு. முதல் இரண்டும் கொடி விட்டுப்போனது. மூன்றாவது, குத்துக்கோடுகள் பாட்டைப் பிரிக்கிற கட்டங்களில் இருபத்திரண்டாம் கட்டத்தில், மேலிருந்து இரண்டாவது கோட்டில். அந்த இடத்தில் பழைய தாளில் தண்ணீர்க் கறை. எழுத்தின் தண்டு மட்டும் தெரிகிறது. வயிறு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ராஜ்கமல் டி போட்டிருந்தான். நதியாவுக்கு அது பி மாதிரி இருந்தது.

“இது டி-ன்னு எப்படிச் சொல்றீங்க?”

அவன் சட்டைப் பட்டனைப் போட்டபடியே எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். “இரு, யோசிச்சுத்தான் போட்டனா, கை போட்டுச்சான்னு எனக்கே தெரியல. கம்பெனியில மெஷின் ஓடிட்டிருக்கறப்பப் பாத்துர்றேன். சாயங்காலம் சொல்றேன்.”

“பதில் சொல்லாம அம்ப உரிச்சீங்கன்னா இருக்கு உங்களுக்கு.”

“என்னைக்கு உரிச்சிருக்கேன்?”

தாளையும் பென்டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். அதுதான் கடைசி.

காரியம் எல்லாம் முடிந்து பதினேழாம் நாள் செங்கோட்டையன் அந்தப் பையைக் கொண்டுவந்தார். நதியாவோடு இருந்த மாமனார் சோணைமுத்து அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“டிபன் பாக்ஸக் கழுவி வெச்சிருக்குதுங்க அம்மிணி. நம்ம பையன் ஒருத்தன் கழுவுனான். வேற ஒண்ணும் தொடலீங்க” என்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த துணியைப் பார்த்தார். “இத இன்னும் வெச்சிருக்கறாப்புலயா” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

நதியா அந்தப் பையைத் திறக்க இன்னும் பத்து நாள் ஆயிற்று. தாள் நான்காக மடித்தபடி இருந்தது. முதல் இரண்டு அம்புகளும் இல்லை. உரித்த இடத்தில் தாளின் தோல் லேசாகக் கிளம்பியிருந்தது. மூன்றாவது அம்பு ஒட்டியபடியே இருந்தது. பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் போட்டாள். முதல் இரண்டு இடத்திலும் கொடி வைத்திருந்தான். இருபத்திரண்டாம் கட்டத்தில் டி அப்படியே இருந்தது. கடைசியாகச் சேமித்த நேரம் ஒன்பது முப்பத்தொன்று. தண்ணீர் கேட்டது ஒன்பதரையைத் தாண்டி என்று மெஷின்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது அம்பைப் பார்த்து, டி-தான் சரி என்று விட்டானா? பார்க்க வரும்போதே வலி வந்துவிட்டதா? அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

மார்கிரீட் இரங்கல் எழுதியிருந்தாள். ஐப்பசியில் இன்னொரு கடிதம் வந்தது. செல்போனில் தமிழாக மாற்றி நதியா அதை நான்கு முறை படித்தாள். ஏடு புத்தகமாக வருகிறது. ஐம்பத்தேழு பாட்டும் வந்து சேர்ந்துவிட்டன. கடைசிப் பாட்டை உங்கள் கணவர் முடித்துவிட்டாரா? முடித்திருந்தால் அனுப்புங்கள், நீங்கள் சரி என்றால் போதும், முழு ஏடும் அவர் ஒருவர் பெயரிலேயே வரும். இல்லையென்றால் அதை பிரான்சில் லியோன் நகரத்தில் உள்ள நண்பர் ஒருவர் புதிதாகச் செய்வார், அந்தப் பாட்டில் அந்த நண்பர் பெயர் இருக்கும். அவசரமில்லை, மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது.

நதியா தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தாள். மென்பொருளில் டி-யோடு ஒரு முறை ஓடவிட்டாள். அதை பி ஆக்கி ஒரு முறை ஓடவிட்டாள். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் காது எதையும் பழகியிருக்கவில்லை, கண்தான் பழகியிருந்தது. கண்ணுக்கோ அங்கே கறைதான் தெரிந்தது. கிடாரை எடுத்தாள். எலாஸ்டிக் தளர்ந்து பென்சில் நழுவி விழுந்தது.

சோணைமுத்து கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் ஒண்ணு மாதிரித்தேன் இருக்கு ஆத்தா. நல்லாத்தேன் இருக்கு. அனுப்பி விட்ரு.”

“எதுன்னு தெரியாம எப்படி மாமா அனுப்ப?”

“அவென் போட்டத மாத்த வேணாம். அவென் போட்டா சரியாத்தேன் இருக்கும். ஒரு எழுத்துக்காக அம்புட்டையும் விட்டுக்குடுப்பியா? பொஸ்தகத்துல அவென் பேரு முழுசா வரணும்த்தா. எனக்கு வேற என்ன இருக்கு பாக்க?”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் வந்துவிடும் அம்பு. யாருக்கும் தெரியாது. லியோனில் இருப்பவருக்கும் தெரியாது, எழுதிவைத்துவிட்டுப் போன அந்தப் பெயர் தெரியாதவருக்கும் தெரியாது. ஒரு சனிக்கிழமை மதியம் அவள் உட்கார்ந்து நகத்தை அதன் ஓரத்தில் வைத்தும் பார்த்தாள். “யோசிச்சுத்தான் போட்டனா, கை போட்டுச்சான்னு எனக்கே தெரியல” என்றுதான் அவன் சொல்லிவிட்டுப் போனான். சரி என்று சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது அவள் மார்கிரீட்டுக்கு எழுதினாள். தமிழில் எழுதி, செல்போனில் ஆங்கிலமாக்கி, மருதாளின் மகள் தேஜஸ்ரீயிடம் ஒரு முறை காட்டிவிட்டு அனுப்பினாள். ஐம்பத்தேழும் நான் பார்த்தவை, எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொல்லியிருக்கிறார், அவை சரி. ஐம்பத்தெட்டில் ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அதனால் அது ஹோல்டு, அனுப்பாமல் நிறுத்திவைத்தது. உங்கள் நண்பரையே செய்யச் சொல்லுங்கள்.

மறுநாளே பதில் வந்தது. புரிகிறது என்று எழுதியிருந்தாள் மார்கிரீட். அப்படியே ஆகட்டும், ஐம்பத்தேழுக்கு அவர் பெயர், கடைசிக்கு மற்றவர் பெயர். நதியா அதைப் படித்துக் காட்டியபோது சோணைமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, “கொஞ்சம் ரசம் ஊத்தாத்தா” என்றார்.

புத்தகம் தை மாதத்தில் வந்தது. அட்டையின் உள்பக்கம் ராஜ்கமல் சோணைமுத்து, திருப்பூர் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயரும் இருந்தது. கடைசிப் பாட்டின் இருபத்திரண்டாம் கட்டத்தில் அந்த நண்பர் என்ன எழுத்துப் போட்டிருக்கிறார் என்று நதியா பார்க்கவில்லை.

அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள். முன்கையில் அம்புகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு காலை எட்டரைக்கு மேசைக்கு வந்துவிடுகிறாள். பதினேழு அம்புகளோடு அந்தத் துணி சுவரில் இருக்கிறது. ஐம்பத்தெட்டாவது பாட்டின் அச்சுத்தாளை அதன் பின்பக்கம் குத்தி வைத்திருக்கிறாள். இருபத்திரண்டாம் கட்டத்தில், மேலிருந்து இரண்டாவது கோட்டில், மூன்றாவது அம்பு இன்னும் உரிக்கப்படவில்லை.